வெளியே பேசியது பாதி, உள்ளே பேசியது பாதி: பெருந்தொற்றுக் காலத்தில் இந்திய வெளியுறவு அமைச்சகம்

2020 மே 5-ஆம் தேதி மத்திய உள்துறை அமைச்சகம் ஒரு நடைமுறைக் குறிப்பை வெளியிட்டது. வெளிநாடுகளில் சிக்கிக்கொண்ட இந்தியர்களை அழைத்துவர வெளியுறவு அமைச்சகம் என்னென்ன செய்ய வேண்டும் என்பது அதில் இருந்தது. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒவ்வொரு கப்பலுக்கும் தனித்தனிப் பட்டியல் வேண்டும். அதில் பயணியின் பெயர், வயது, பாலினம், கைபேசி எண், தங்கியிருக்கும் இடம், கடைசியாகப் போய்ச் சேர வேண்டிய ஊர், ஆர்டி-பிசிஆர் பரிசோதனை எடுத்திருந்தால் அதன் முடிவு ஆகியவை இருக்க வேண்டும். பட்டியலை அந்தந்த மாநில அரசுக்கு முன்னதாகவே அனுப்பிவிட வேண்டும். வரும் நாள், இடம், நேரம் மூன்றையும் குறைந்தது 2 நாள் முன்பே இணையத்தில் போட வேண்டும். மாநிலத்துக்கு ஒரு பொறுப்பு அதிகாரியையும் அமர்த்த வேண்டும்.

ஒப்பந்த வரைவில் ஒரு சொல்லுக்காக நாள்கணக்கில் மல்லுக்கட்டிப் பழகிய துறைக்கு இது புது வேலை. பெருந்தொற்று வந்தபோது வெளியுறவுத் துறைகள் எல்லாம் காணொலிக்கு மாறின என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். அது மாற்றத்தின் சிறிய பகுதிதான். சுகாதாரம், விமானப் போக்குவரத்து, உள்துறை, மருந்துத் துறை, கடற்படை, மாநில அரசுகள் என்று உள்ளூரில் பத்துப் பேரிடம் சம்மதம் வாங்காமல் வெளிநாட்டுக்கு ஒரு வாக்கும் கொடுக்க முடியாத நிலை வந்ததே பெரிய மாற்றம். இந்தியாவின் வெளியுறவு நடவடிக்கைகள் எங்கே கைகூடின, எங்கே சறுக்கின என்று பார்த்தால், பெரும்பாலும் இந்த உள்வீட்டுச் சம்மதத்தில்தான் விடை இருக்கிறது.

ஊஹானும் ஈரானும்

2020 ஜனவரி கடைசியில் ஊஹானில் இருந்த இந்தியர்களில் பெரும்பாலோர் மாணவர்கள். மூடப்பட்ட நகரத்துக்குள் விமானம் இறங்க சீன அரசின் அனுமதி வேண்டும். ஹூபே மாகாணத்தில் சிதறிக்கிடந்தவர்களைப் பேருந்தில் ஏற்றி விமான நிலையம் கொண்டுவர உள்ளூர் அதிகாரிகளின் அனுமதி வேண்டும். அதன் பிறகு வாசலில் உடல் வெப்பச் சோதனை. காய்ச்சல் இருந்தவர்களைச் சீன அதிகாரிகள் ஏறவிடவில்லை. ஏர் இந்தியாவின் ஜம்போ விமானம் இரண்டு நடையில் 647 இந்தியர்களையும் மாலத்தீவைச் சேர்ந்த 7 பேரையும் டெல்லிக்குக் கொண்டுவந்தது. மானேசரில் ராணுவமும் சாவ்லாவில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையும் தனிமை முகாம்களைத் தயாராக வைத்திருந்தன. முகாம் தயார் என்று உள்ளே உறுதி கிடைத்த பிறகே வெளியே பேசி முடிக்க முடிந்தது.

பிப்ரவரி கடைசியில் மூன்றாவது விமானம் போனது. இம்முறை விமானப்படையின் சி-17 சரக்கு விமானம். போகும்போது சுமார் 15 டன் மருத்துவப் பொருள்கள், வரும்போது 76 இந்தியர்களும் வேறு நாட்டினர் 36 பேரும். இதற்குச் சீனாவின் அனுமதி இழுத்துக்கொண்டே போனது. வேண்டுமென்றே தாமதிக்கிறார்கள் என்று டெல்லி சொன்னது, பெய்ஜிங் மறுத்தது. அயல்நாட்டினரையும் ஏற்றிவந்தது பெருந்தன்மை மட்டுமல்ல. வங்கதேசம், மியான்மர், மாலத்தீவு என்று அக்கம்பக்கத்து நாடுகள் விமானம் அனுப்ப முடியாமல் தவித்த நேரத்தில் காலியாக இருந்த ஓர் இருக்கை, வேறு வழியில் வாங்க முடியாத நல்லெண்ணம்.

ஈரான் கதை வேறு. அங்கே பரிசோதனை செய்யவே போதிய வசதி இல்லை. பரிசோதிக்காமல் ஆளை ஏற்ற இந்தியச் சுகாதாரத் துறை ஒப்பவில்லை. ஆகவே இந்திய விஞ்ஞானிகளே ஈரானுக்குப் போனார்கள். எடுத்த மாதிரிகள் விமானத்தில் டெல்லிக்கு வந்தன. தொற்று இல்லை என்று உறுதியானவர்களில் முதல் 58 பேர் மார்ச் 10-ஆம் தேதி டெல்லி அருகே ஹிண்டன் விமானதளத்தில் இறங்கினார்கள்.

ஆனால் ஈரானின் தெற்குக் கரையில் படகுகளிலும் துறைமுகங்களிலும் மாட்டிக்கொண்ட மீனவர்கள், அவர்களில் நம் தென்மாவட்டக் கடலோரத்தார் பலர், கோடை முழுக்கக் காத்திருந்தார்கள். தலைநகர் டெஹ்ரானுக்கு அருகே கோம் நகரில் இருந்த யாத்ரீகர்களை ஓர் இடத்தில் கூட்ட முடிந்தது. மீனவர்கள் தீவுக்கும் துறைமுகத்துக்குமாகச் சிதறிக்கிடந்தார்கள். கடைசியில் கடற்படைக் கப்பல் ஐஎன்எஸ் ஜலாஷ்வா 687 பேரை பந்தர் அப்பாஸில் ஏற்றிக்கொண்டு ஜூலை 1-ஆம் தேதி தூத்துக்குடி வந்தது. இந்த இடைவெளியை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை. தலைநகருக்கு அருகில் இருப்பவனுக்கும் கடலோரத்தில் கூலிக்குப் போனவனுக்கும் தூதரகம் எவ்வளவு தொலைவு என்பதை அது காட்டுகிறது.

இருக்கைக் கணக்கு

மார்ச் 22 முதல் சர்வதேசப் பயணிகள் விமானங்கள் நின்றன. நான்கு நாட்களுக்குள் நாடு முழுவதும் ஊரடங்கு. அடுத்த ஆறு வாரம் வெளிநாட்டில் இருந்தவர்களுக்குத் தூதரகங்கள் சொன்னது ஒன்றே: இருக்கும் இடத்திலேயே இருங்கள். டெல்லியில் 24 மணி நேரக் கட்டுப்பாட்டு அறை திறந்தார்கள். கொரோனாப் பணிகளை ஒருங்கிணைக்க ஒரு கூடுதல் செயலரிடம் பொறுப்பைத் தந்தார்கள்.

வெளியே கதவு திறந்தும் உள்ளே பூட்டியிருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் குவைத் உதாரணம். விசாக் காலம் கடந்து தங்கியிருந்தவர்களுக்கு ஏப்ரல் மாதம் குவைத் பொதுமன்னிப்பு அறிவித்தது. அபராதம் இல்லை, பயணச் செலவும் குவைத்தின் பொறுப்பு. இந்தியத் தொழிலாளர்கள் பெயர் கொடுத்து முகாம்களுக்குப் போனார்கள். ஆனால் இந்திய வான்வெளி இன்னும் திறக்கவில்லை. ஊருக்குப் போகலாம் என்று கிளம்பியவர்கள் மே மாதம் வரை முகாம்களில் கிடந்தார்கள். தூதரகத்தால் அரபு அதிகாரியிடம் பேச முடிந்தது. தன் நாட்டு விமான நிலையத்தைத் திறக்க முடியவில்லை.

மே 7-ஆம் தேதி, வெளிநாட்டிலிருந்த இந்தியர்களை விமானத்தில் அழைத்துவரும் வந்தே பாரத் திட்டம் தொடங்கியது. அபுதாபியிலிருந்து கொச்சிக்கும் துபாயிலிருந்து கோழிக்கோட்டுக்கும் முதல் விமானங்கள் வந்தன. ஓரிரு நாளில் துபாயிலிருந்து சென்னைக்கும் கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கும் வந்தன. முதல் கட்டத்துக்குப் போட்ட திட்டம் 12 நாடுகள், 64 விமானங்கள், சுமார் 14,800 பேர். பதிவு செய்திருந்தவர்களோ லட்சக்கணக்கில். யாரை முதலில் ஏற்றுவது? வேலை போன தொழிலாளி, விசா முடியப்போகிறவர், அவசரச் சிகிச்சை தேவைப்படுபவர், கர்ப்பிணி, முதியவர், வீட்டில் சாவு விழுந்தவர், விடுதி மூடப்பட்ட மாணவர் என்று முன்னுரிமை விதி சொன்னது. அந்த விதியைப் படித்த எவருக்கும் சிக்கல் புரியும். பதிவு செய்தவர்களில் பெரும்பாலோர் ஏதாவது ஒரு வகையில் வந்துவிடுவார்கள். வகைகளுக்குள் யார் முன், யார் பின் என்பதை விதி சொல்லவில்லை. அதைத் தூதரகத்தில் உட்கார்ந்திருந்த சிலர் தொலைபேசியில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. கூப்பிட்டால் எடுக்காத எண்கள், ஒரே குடும்பம் மூன்று தடவை செய்த பதிவு, கடைசி நேரத்தில் காய்ச்சல் கண்டு வாசலிலேயே திரும்பியவர்கள், அதனால் காலியான இருக்கைக்கு அரை மணியில் தேட வேண்டிய அடுத்த ஆள். இப்படித்தான் பட்டியல் கலையும். ஆகவே காத்திருப்போர் பட்டியல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் விமான நிலையம் போக வேண்டும்.

‘போய்ச் சேர வேண்டிய ஊர்’ என்ற கட்டம் சும்மா கேட்டதல்ல. உள்நாட்டு விமானங்கள் மே 25 வரை ஓடவில்லை. கொச்சியில் இறங்கிய மதுரைக்காரருக்குத் தனிமை முகாமை எந்த மாநிலம் தருவது, எல்லையை எந்தச் சீட்டோடு கடப்பது என்பது அந்தக் கட்டத்தை வைத்துத்தான் முடிவானது. ஒரு நாளில் எத்தனை பேரைப் பரிசோதித்துத் தங்கவைக்க முடியும் என்று மாநிலம் சொல்கிறதோ அத்தனை பேருக்குத்தான் விமானம்.

பயணச்சீட்டுக்கும் 14 நாள் தனிமைக்கும் பயணிதான் பணம் தர வேண்டும். வேலை போய், மூன்று மாதச் சம்பளம் நிலுவையில் இருந்தவருக்கு அது மலை. இங்கே கைகொடுத்தது 2009-இல் தொடங்கிய இந்தியச் சமூக நல நிதி. பாஸ்போர்ட் போன்ற தூதரகச் சேவைகளுக்கு வாங்கும் கட்டணத்தோடு ஒரு சிறு தொகையைச் சேர்த்து வாங்கி ஒவ்வொரு தூதரகத்திலும் திரட்டிவைக்கும் பணம் அது. அதாவது பெரும்பாலும் புலம்பெயர்ந்த தொழிலாளர்களின் காசு. உணவு, தங்குமிடம், மருந்து, மிக ஏழையருக்குப் பயணச்சீட்டு என்று அதிலிருந்து செலவிட்டார்கள். டெல்லியின் நிதி ஒப்புதலுக்குக் காத்திருக்காமல் அங்கேயே செலவிட வழியிருந்தது அதன் பலம்.

கடல் வழியில் சமுத்திர சேது என்ற கடற்படையின் மீட்புப் பணி. ஜலாஷ்வா துருப்புகளையும் கவச வண்டிகளையும் ஏற்றும் கப்பல். மே 10-ஆம் தேதி மாலேயிலிருந்து 698 பேரைக் கொச்சிக்கும், ஜூன் தொடக்கத்தில் கொழும்பிலிருந்து 686 பேரையும் பிறகு மாலேயிலிருந்து 700 பேரையும் தூத்துக்குடிக்கும் கொண்டுவந்தது. நான்கு கப்பல்கள் 55 நாளில் அழைத்துவந்தது 3,992 பேர். விமானக் கணக்கோடு பார்த்தால் சிறிய எண்தான். ஆனால் கப்பல் வந்தால் ஊர் பார்க்கிறது, துறைமுகம் பார்க்கிறது, பக்கத்து நாடு பார்க்கிறது. அதே மே மாதம் ஐஎன்எஸ் கேசரி மாலத்தீவுக்கு 580 டன் உணவுப் பொருளை இறக்கிவிட்டு மொரிஷியஸ், செஷல்ஸ், மடகாஸ்கர், கொமொரோஸ் என்று மருந்தோடும் மருத்துவர்களோடும் சுற்றிவந்தது.

இந்தத் திட்டமே ஒரு வணிகத் தகராறையும் கொண்டுவந்தது. ஏர் இந்தியா மீட்பு விமானம் என்ற பெயரில் பொதுமக்களுக்குச் சீட்டு விற்கிறது, எங்கள் விமானங்களுக்கோ அனுமதியில்லை என்று அமெரிக்கப் போக்குவரத்துத் துறை ஜூன் 22-ஆம் தேதி ஆட்சேபித்தது. ஒவ்வொரு விமானத்துக்கும் முன் அனுமதி வேண்டும் என்றது. அடுத்த மாதமே அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி ஆகிய நாடுகளோடு ‘ஏர் பபிள்’ ஏற்பாடு வந்தது. இரு தரப்பு விமானங்களும் பறக்கலாம், இரு தரப்பும் சீட்டு விற்கலாம். மீட்புப் பணி இருதரப்பு ஒப்பந்தமாக மாறியது அங்கேதான்.

நேரில் வராத தூதர்கள்

2020 மே 21-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் 7 நாடுகளின் தூதர்களிடமிருந்து காணொலி வழியாக நியமனப் பத்திரங்களை ஏற்றார். ராஷ்டிரபதி பவன் வரலாற்றில் அதுவே முதல் முறை. இதற்குச் சட்டத்தில் இடம் உண்டா என்ற கேள்வி நியாயமானது. தூதரக உறவுகள் பற்றிய 1961 வியன்னா ஒப்பந்தத்தின் 13-ஆவது பிரிவு இரண்டு வழி தருகிறது. தூதர் பத்திரத்தைச் சமர்ப்பித்த கணத்திலிருந்து பதவியில் இருப்பதாகக் கொள்ளலாம்; அல்லது வந்துவிட்டேன் என்று அறிவித்து, பத்திரத்தின் உண்மை நகலை வெளியுறவு அமைச்சகத்திடம் தந்த கணத்திலிருந்து கொள்ளலாம். எதைப் பின்பற்றினாலும் எல்லா நாட்டுக்கும் ஒரே மாதிரி பின்பற்ற வேண்டும். குதிரைப் படை அணிவகுப்பு மரபுதான். சட்டப்படி தேவை அந்தத் தாள்.

உச்சி மாநாடுகளும் திரைக்கு வந்தன. மார்ச் 15-இல் சார்க் தலைவர்கள் காணொலியில் கூடினார்கள். அவசர நிதிக்கு இந்தியா 1 கோடி டாலர் தருவதாகச் சொன்னது. ஜூன் 4-இல் ஆஸ்திரேலியாவோடு நடந்தது இந்தியாவின் முதல் இருதரப்புக் காணொலி உச்சி மாநாடு. ராணுவத் தளவாட உதவி ஏற்பாடு உட்படப் பல ஆவணங்கள் அதையொட்டி முடிவாயின. டிசம்பர் 17-இல் வங்கதேசத்தோடு நடந்தபோது சிலாஹாட்டி–ஹல்திபாரி ரயில் பாதையைத் தலைவர்கள் திரையிலேயே திறந்துவைத்தார்கள். இந்த வகைக் கூட்டத்துக்கு ஒரு விதி உண்டு: வரைவு முடிந்திருந்தால் காணொலி போதும், முடியாவிட்டால் காணொலி உதவாது. இடைவேளையில் ஓரமாக அழைத்துப்போய் “இந்த வரியை விட்டுக்கொடுங்கள்” என்று கேட்கும் தாழ்வாரம் திரையில் இல்லை.

ஐநாவில் தாழ்வாரத்துக்குப் பதில் மௌனம் வந்தது. பொதுச்சபை கூட முடியாததால் 2020 மார்ச் 27 முதல் தீர்மான வரைவைச் சுற்றுக்கு விட்டு, குறைந்தது 72 மணி நேரத்துக்குள் யாரும் மறுக்காவிட்டால் நிறைவேறியதாகக் கொண்டார்கள். ஒரே ஒரு நாடு எழுந்தாலும் மௌனம் உடையும். ஐநாவின் 75-ஆம் ஆண்டுப் பிரகடனத்தில் பொதுவான எதிர்காலம் குறித்த ஒரு சொற்றொடர் சீன ஆட்சியின் முழக்கத்தை ஒத்திருக்கிறது என்று பிரிட்டன், அமெரிக்கா முதலிய நாடுகளோடு இந்தியாவும் மறுத்தது. வாசகம் மாறியது. 2020 ஜூன் 17-இல் பாதுகாப்புச் சபைக்கான தேர்தலில் உறுப்பினர்கள் நேரம் பிரித்துக்கொண்டு சிறு குழுக்களாக வந்து வாக்களித்தார்கள். இந்தியாவுக்கு 192-இல் 184 வாக்கு.

ஆனால் விஷயம் உயிர் சம்பந்தப்பட்டதானால் நேரில்தான் போக வேண்டியிருந்தது. லடாக் எல்லையில் கல்வானில் சீனப் படையோடு நடந்த ஜூன் 15 மோதலுக்குப் பிறகு தொலைபேசியில் பேசினார்கள். எல்லையில் தளபதிகள் நேரில் உட்கார்ந்தார்கள். இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரும் சீன வெளியுறவு அமைச்சர் வாங் யீயும் செப்டம்பர் 10-ஆம் தேதி மாஸ்கோவில் சந்தித்த பிறகே ஐந்து அம்ச உடன்பாடு வந்தது. நேரில் போவதன் விலையும் தெரிந்தது. 2021 மே மாதம் ஜி-7 வெளியுறவு அமைச்சர்கள் கூட்டத்துக்கு லண்டன் போன இந்தியக் குழுவில் இருவருக்குத் தொற்று உறுதியானது. லண்டன் வரை போன ஜெய்சங்கர் காணொலியில் கலந்துகொண்டார்.

மருந்து, தடுப்பூசி

ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஏற்றுமதியை இந்தியா 2020 மார்ச் 25-இல் தடை செய்தது. ஏப்ரல் 4-இல் தடையை இன்னும் இறுக்கியது. அமெரிக்க அதிபர் கேட்டார், அண்டை நாடுகளும் கேட்டன. இரண்டு மூன்று நாளில் தடை தளர்ந்து, உள்நாட்டுத் தேவைக்குப் போக மீதியை நாடு வாரியாக ஒதுக்கும் முறை வந்தது. கொரோனாவுக்கு அந்த மாத்திரை பயன்படாது என்று பெரிய ஆய்வுகள் பிறகு காட்டிவிட்டன. ஆனால் ஒதுக்கீட்டுப் பழக்கம் நின்றது. ஓராண்டுக்குள் தடுப்பூசிக்கு அதே பழக்கம் தேவைப்பட்டது.

2021 ஜனவரி 20-இல் பிற நாடுகளுக்குத் தடுப்பூசி அனுப்பும் ‘தடுப்பூசி மைத்ரி’ தொடங்கியது. பூடானுக்கு 1.5 லட்சம், மாலத்தீவுக்கு 1 லட்சம் டோஸ். மறுநாள் வங்கதேசத்துக்கு 20 லட்சம், நேபாளத்துக்கு 10 லட்சம். முதல் பட்டியலில் இலங்கை இல்லாதது பலருக்கு வியப்பாக இருந்தது. காரணம் அரசியல் அல்ல. இலங்கை, ஆப்கானிஸ்தான், மொரிஷியஸ் ஆகியவற்றின் மருந்துக் கட்டுப்பாட்டு அனுமதிக்குக் காத்திருக்கிறோம் என்று அமைச்சகம் வெளிப்படையாகவே சொன்னது. கொழும்புக்கு 5 லட்சம் டோஸ் ஜனவரி 28-இல் போனது.

விமானம் கிளம்பும் முன் நடக்க வேண்டியவை பல. பெறும் நாடு அவசரப் பயன்பாட்டு அனுமதி தர வேண்டும், இறக்குமதி உரிமம் தர வேண்டும், பக்கவிளைவுக்கான சட்டப் பொறுப்பு யாருடையது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். கோவிஷீல்டு ஒரு குப்பியில் 10 டோஸ். செஷல்ஸுக்குப் போன 50,000 டோஸ் என்றால் 5,000 குப்பிகள். 2 முதல் 8 டிகிரி வரை குளிரில் வைக்க வேண்டும், உறைந்துவிடக் கூடாது, திறந்த குப்பியைச் சில மணி நேரத்தில் தீர்க்க வேண்டும். ஆகவே பக்கத்து நாடுகளின் தடுப்பூசிப் பணியாளர்களுக்கு அனுப்பும் முன்பே பயிற்சி நடத்தினார்கள். தொடக்கத்தில் அதன் ஆயுளே 6 மாதம்தான் என்பதால் கோப்பில் ஒரு மாதம் போனால் மருந்தின் ஆயுளில் ஆறில் ஒரு பங்கு போயிற்று.

ஏப்ரல் பாதிக்குள் 95 நாடுகளுக்குச் சுமார் 6.6 கோடி டோஸ் போயிருந்தது. அதில் இலவசம் 1.07 கோடி. விற்பனை சுமார் 3.58 கோடி. உலக நாடுகள் தடுப்பூசியைப் பகிர்ந்துகொள்ளும் கோவாக்ஸ் ஏற்பாட்டுக்குச் சுமார் 1.99 கோடி. மூன்றும் ‘மைத்ரி’ என்ற ஒரே பெயரில் போனதில்தான் பிந்தைய மனக்கசப்பின் வேர் இருக்கிறது. வங்கதேசம் புனேயின் சீரம் நிறுவனத்திடம் 3 கோடி டோஸுக்கு ஒப்பந்தம் போட்டிருந்தது. மாதம் 50 லட்சம் என்று பேச்சு. வந்தது 70 லட்சம், கூடவே இந்தியாவின் அன்பளிப்பு 30 லட்சத்துக்கு மேல். இந்தியாவில் இரண்டாம் அலை எழுந்ததும் ஏற்றுமதி நின்றது. ஒப்பந்தம் தனியார் நிறுவனத்தோடு, ஆனால் ஏற்றுமதிக் கதவின் சாவி அரசிடம். தான் கையெழுத்திடாத ஒப்பந்தத்துக்கு வெளியுறவு அமைச்சகம் டாக்காவில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அங்கே லட்சக்கணக்கானோர் முதல் ஊசி போட்டுக்கொண்டு இரண்டாவதற்குக் காத்து நின்றார்கள். மே 12-இல் சீனாவின் 5 லட்சம் டோஸ் டாக்காவில் இறங்கியது.

பூடானில் இது இன்னும் துல்லியமாகத் தெரிகிறது. இந்தியா தந்த 5.5 லட்சம் டோஸை வைத்து மார்ச் 27-இல் தொடங்கி இரண்டு வாரத்துக்குள் வயது வந்தோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முதல் ஊசி போட்டு முடித்தது அந்தச் சிறிய நாடு. இரண்டாவது ஊசிக்கு ஜூலையில் அமெரிக்காவும் டென்மார்க்கும் தந்ததை நம்ப வேண்டியதாயிற்று. இரண்டு டோஸ் மருந்தில் முதல் டோஸை மட்டும் அனுப்புவது பாதி வாக்கு. அனுப்பும் நாளிலேயே இரண்டாவதையும் எடுத்துத் தனியாக வைத்திருந்தால் குறைந்த நாடுகளுக்கே போயிருக்கும், எண்ணிக்கை சிறுத்திருக்கும். நம்பிக்கை நின்றிருக்கும் என்பது என் கணிப்பு.

கை நீட்டிய ஏப்ரல்

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு வெளிநாட்டு அரசுகளின் பேரிடர் உதவியை ஏற்பதில்லை என்பதே அதுவரை இந்தியாவின் வழக்கம். 2018 கேரள வெள்ளத்தின்போதும் அப்படியே. 2021 ஏப்ரல் 29-இல் வெளியுறவுச் செயலர் ஹர்ஷ் வர்தன் ஷ்ரிங்லா 40-க்கும் மேற்பட்ட நாடுகள் உதவ முன்வந்திருப்பதாகச் செய்தியாளர்களிடம் சொன்னார். சுமார் 550 ஆக்சிஜன் உற்பத்தி நிலையங்கள், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் செறிவூட்டிகள் 4,000-க்கும் மேல், 10,000 சிலிண்டர்கள், 17 தாழ்குளிர் டேங்கர்கள் வருகின்றன என்றார். உலகெங்கும் இருந்த தூதரகங்கள் ஒரே வாரத்தில் வாங்கும் முகவர்களாக மாறின.

ஆக்சிஜனில் ஒரு நுட்பம் உண்டு. திரவ ஆக்சிஜன் கொதிநிலை மைனஸ் 183 டிகிரி. நிரம்பிய டேங்கரை விமானத்தில் ஏற்றுவது ஆபத்து. ஆகவே காலி டேங்கர்களை விமானத்தில் கொண்டுவந்தார்கள். ஏப்ரல் 24-இல் சிங்கப்பூரிலிருந்து நான்கு டேங்கர் மேற்கு வங்கத்தின் பனாகர் விமானதளத்தில் இறங்கியது. நிரம்பியவை கடல் வழி. ஐஎன்எஸ் தல்வார் பஹ்ரைனிலிருந்து 27 டன் கொள்ளளவில் இரண்டு டேங்கரை மே 5-இல் மங்களூருக்குக் கொண்டுவந்தது. வாயுச் சிலிண்டர் விமானத்தில் வரலாம். பிரிட்டனிலிருந்து 450 சிலிண்டர் அதே வாரம் சென்னை வந்தது.

சிக்கல் இறங்கிய பிறகு. முதல் பிரிட்டன் சரக்கு, 100 வென்டிலேட்டரும் 95 செறிவூட்டியும், ஏப்ரல் 27-இல் டெல்லி வந்தது. உதவிப் பொருளை மாநிலங்களுக்குப் பிரிக்கும் நடைமுறை விதி நடைமுறைக்கு வந்தது மே 2-இல். செஞ்சிலுவைச் சங்கம் பெறுநர், அரசு நிறுவனமான எச்எல்எல் லைஃப்கேர் சுங்கத்தையும் விநியோகத்தையும் பார்க்கும், ஒதுக்குவது சுகாதாரத் துறை. மூச்சுக்குத் தவித்த நாட்களில் அந்த ஐந்து நாள் நீளமானது. மூட்டைகள் எங்கே என்று வெளிநாட்டுச் செய்தியாளர்களும் நன்கொடை நாடுகளும் கேட்டபோது பதில் சொல்ல வேண்டியிருந்தது மறுபடியும் வெளியுறவுத் துறைதான்.

ஒரு சான்றிதழ், ஒரு கட்டம்

2021 செப்டம்பரில் பிரிட்டன் கோவிஷீல்டை ஏற்றுக்கொண்டது. ஆனால் இந்தியாவில் அதைப் போட்டுக்கொண்டவரை ஏற்கவில்லை. பிரச்சினை சான்றிதழில் என்றார்கள். இந்தியாவின் தடுப்பூசிப் பதிவுத் தளமான கோவின் தந்த சான்றிதழில் பயணியின் வயது இருந்தது, முழுப் பிறந்த தேதி இல்லை. பாஸ்போர்ட்டோடு ஒப்பிட அதிகாரிக்கு அது வேண்டும். கோவின் மென்பொருள் சுகாதாரத் துறையுடையது. வெளியுறவு அதிகாரிகள் லண்டனில் பேச, கோவின் குழு வெளிநாடு போகிறவர்களுக்கு முழுப் பிறந்த தேதியோடு சான்றிதழ் தர ஏற்பாடு செய்தது. இடையில் அக்டோபர் 4 முதல் பிரிட்டானியருக்கு 10 நாள் தனிமையும் பரிசோதனைகளும் என்று இந்தியாவும் பதிலுக்கு விதித்தது. 11-ஆம் தேதி முதல் பிரிட்டன் இறங்கிவந்தது. 13-ஆம் தேதி இந்தியாவும் தன் உத்தரவைத் திரும்பப் பெற்றது. வழக்கமான சர்வதேச விமானங்கள் ஓட 2022 மார்ச் 27 ஆயிற்று.